பைண்டிங் அக்கா கேட்ட கேள்வி

பினாங்கில் பட்டம் வாங்கியவர்களைவிட பைண்டிங் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள் அதிகம். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நாசி கண்டார் சோற்றுக் கடையை ஒட்டி அவர் கடை இருந்தது. ஆய்வேடுகளுக்குக் கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பதிப்பதுதான் தொழில். தாள்கட்டைக் கையில் வாங்கியதும் மற்ற கடைக்காரர்கள் விலை சொல்வார்கள். அக்கா கேள்வி கேட்பார்.

"இதுல என்னா கண்டுபிடிச்சே? சொல்லு."

அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும். இல்லையென்றால் கட்டு திரும்பி வந்துவிடும்.

சிமெண்டில் நெல் உமிச் சாம்பல் கலப்பதைப் பற்றி நான்கு வருடம் ஆராய்ந்த ஒருவரிடம், "வீடு நிக்குமா, விழுமா?" என்று கேட்டார். "அது பல விஷயங்களைப் பொறுத்தது அக்கா." "நாலு வருஷமாவா பொறுத்துக்கிட்டிருக்கு? போய் யோசிச்சிட்டு வா." பாவம், அந்த மனிதர் கடை முன் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் யோசித்தார். கடைசியில், "பத்துல ஒரு பங்கு கலந்தா நிக்கும்கா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். நாசி கண்டார் கடையில் கைதட்டினார்கள்.

ஒருமுறை பேராசிரியர் ஒருவரே சண்டைக்கு வந்தார். என் மாணவனைத் திருப்பி அனுப்ப நீங்கள் யார் என்று குதித்தார். "சரி சார், அவன் தலைப்பு என்னா? நீங்க சொல்லுங்க, ஒடனே கட்டித் தர்றேன்" என்றார் அக்கா. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கேட்டேன். பழைய பேப்பர் லாரியில் தன் கையால் கட்டிய ஏடுகளைக் கண்டாராம். "தொறந்து பாத்த அடையாளமே இல்லம்மா. முதுகு மடங்கவே இல்ல. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆளாவது கேக்க வேணாமா?"

பிறகு என் முறை வந்தது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு பள்ளியில் நான் கணித ஆசிரியை. பகுதி நேரமாக முதுகலை படித்தேன். 'மாணவர்கள் வகுப்பில் கேள்வி கேட்பதை ஏன் நிறுத்துகிறார்கள்' என்பது ஆய்வு. பிள்ளைகளைப் பேட்டி கண்டவள் என் தோழி. அட்டவணை போட்டதும் அவளே. நான் அட்டவணையை மட்டும் பார்த்து எழுதினேன். ஏட்டை ஒப்படைக்க அன்று மாலைதான் கெடு.

"ஏன் நிறுத்துறாங்க?" என்றார் அக்கா.

"காரணிகள் பல, அக்கா."

"ஒண்ணு சொல்லு."

"ஊக்கக் குறைவு..."

"அது நீ வச்ச பேரு. புள்ளைங்க என்னா சொன்னாங்க?"

ஒரு பிள்ளையின் ஒரு வாக்கியம்கூட எனக்குத் தெரியவில்லை. வெட்கம் கோபமாக மாறியது. "நீங்க ஃபாரம் திரீயோட படிப்ப நிறுத்துனவங்க. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. கட்டிக் குடுங்கலா!" என்றேன். கடையில் வேறு நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

அக்கா தாள்கட்டை எடுத்துப் பசை தடவினார். கட்டிக் கொடுத்தார். எழுத்து ஒன்றுகூட கோணவில்லை.

நான் தேறிவிட்டேன். தேர்வாளர்கள் தாளின் ஓரத்தில் விடும் இடத்தின் அளவைப் பற்றி மட்டும் கேட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு சக ஆசிரியைக்குத் துணையாக அந்தக் கடைக்குப் போனேன். அக்கா நிமிர்ந்து பார்க்காமல், "கறுப்பா, நீலமா?" என்றார். அவ்வளவுதான். நான் கத்திய அன்றிலிருந்தே அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லையாம். சக ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி.

வீட்டுக்கு வந்து, தோழி அப்போதே கொடுத்திருந்த பேட்டி ஒலிப்பதிவுகளை முதல்முறையாகக் கேட்டேன். பதினோராவது குரல் போன வருடம் என் வகுப்பில் இருந்த பெண்ணுடையது. பெயர் வேண்டாம். "மைனஸை மைனஸால பெருக்குனா ஏன் பிளஸ் வருதுன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். அப்புறம் சொல்றேன்னாங்க. ரெண்டு தடவ கேட்டேன். அப்புறம் கேக்கல."

மறுநாள் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை அப்படியே சொன்னேன். பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஏன் வருது?"

"அது விதி, அக்கா."

"விதின்னு அந்தப் புள்ள தலையில எழுதிட்டியா? ஏன் வருது?"

பதினான்கு வருடம் கணிதம் சொல்லிக் கொடுத்தவள் புத்தகங்களைத் தேடிப் போனேன். ஒரு வாரம் படித்தேன். பிறகு அந்தப் பெண்ணைத் தேடினேன். அதற்குள் பள்ளியை விட்டிருந்தாள். ஜுருவில் கெரெத்தா சீட்டுக்கு, அதாவது கார் சீட்டுக்கு, உறை தைக்கும் கடையில் இருந்தாள்.

கடை வாசலில் நின்று, எதிர்த் திசை, எதிரின் எதிர் என்று தடுமாறினேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தி, நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

"கெரெத்தாவ அந்தப் பக்கம் பாத்துத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் போட்டா இந்தப் பக்கம்தானே வரும்? அதானே டீச்சர்?"

"அதேதான்மா."

"இவ்ளோதானா!" சிரித்தாள். ஒரு கணம்தான். "திரும்ப ஸ்கூலுக்கு வர்றியாம்மா?" என்றேன். சிரிப்பு போய்விட்டது. "அம்மாவுக்கு முடியல டீச்சர். வீட்ல நான்தான்." முதலாளி கூப்பிட்டார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அக்காவிடம் சொன்னேன். "சொன்னியே, அது போதும்" என்று அவர் சொல்லவில்லை. "லேட்டும்மா" என்றார். அதுதான் உண்மை.

ஏடுகளை இப்போது கணினியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். கடை மூடி ஒரு வருடமாகிறது. அக்காவுக்குக் கை நடுக்கம். சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிப் போகிறேன். காரம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் தட்டை அவர் பக்கம் நகர்த்துவேன்.