பல்லில்லாதவன் கடித்த விவகாரம்

முன்னறையில் விருந்தாளிகளோடு இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்குப் பின்னறையிலிருந்து மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். நடுவில் ஒரு சுவர்தான் என்பதால், கரண்டிச் சத்தத்திலேயே அங்கும் நலமென்று தெரிகிறது.

என் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது. முதியோர் வகுப்பு டீச்சர், "யாருக்காவது எழுதிப் பாருங்க ஐயா" என்றார். ஆசையாக உட்கார்ந்தேன். நீங்கள் எனக்குச் செய்ததைச் சொல்ல, 'இழிவு' என்று எழுதினேன். ழ எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள்! ஒரே கஷ்டம், ஒரு வரி முடிவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. மறுபடி மூட்டிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

போன விருந்தில் உங்கள் கல்லூரி முதல்வர், "உங்க மாப்பிள்ளை என்ன எழுதறார்?" என்று கேட்டார். "சிரிப்பைப் பத்திப் புத்தகம். அது முடியிற வரைக்கும் வீட்டுல யாரும் சிரிக்கக் கூடாதாம்" என்றேன். அவர் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அது என் குற்றமா? சலவைக்கூடத்தில் கொதிக்கும் தொட்டி ஓரம் காலமெல்லாம் நின்றவன் நான். அங்கே சிரிக்க வைக்காதவன் பக்கத்தில் எவனும் வேலைக்கு நிற்க மாட்டான். நீங்களோ மறுநாள், "மாமா, உங்க பேச்சு மோர்டாக்ஸ். லத்தீன் பெயரடை. கடிக்கிறதுங்கிற வினையிலேர்ந்து வந்தது. நாய்க்கும் சொல்வாங்க, உங்க மாதிரி நகைச்சுவைக்கும் சொல்வாங்க. இனிமே விருந்தாளி வந்தா உள்ளேயே இருங்க" என்றீர்கள். ஏன் மாப்பிள்ளை, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்கிறவன், நான் யாரைக் கடிச்சேன்? நாயைக்கூட வாசல்லதானே கட்டுவாங்க, நாலு பேரைப் பார்க்கிற மாதிரி? எனக்குப் பின்னறை!

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். உங்கள் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே வேரிலிருந்துதான் மனசாட்சி உறுத்துவதற்கும் லத்தீனில் சொல் வந்ததாம். திரும்பக் கடிப்பது என்று பொருளாம். அழகாக எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களை எங்கேயும் கடிக்கலையா?

பையைக் கட்டிவிட்டேன். விடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். இனி நீங்களே வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் உங்கள் முன்னறையில் கால் வைக்க மாட்டேன். உங்கள் புத்தகம் பல பதிப்புகள் காண என் ஆசி. மகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
மாமனார்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: மகள் வந்து நிற்கிறாள். "அப்பா, அங்க ஒருத்தரும் வாயே திறக்கல. எல்லாரும் தட்டையே பார்த்துட்டிருக்காங்க. அவரே உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்கிறாள். வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எந்தச் சட்டையைப் போட்டுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.