காலிஃபிளவர் கொடுத்த தெம்பு

இனிமேல் என் தட்டில் ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, சர்க்கரை கிடையாது என்று அறிவித்துவிட்டேன். மாதக் கடைசியில் மனைவியின் தம்பியோடு பேட்மிண்டன் போட்டி. தோற்றவர் எங்கள் சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். போன தடவை தோற்று, ஹால் முழுக்க நானே அடித்தேன். என் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என்னை நிறுத்த அவளுக்கு விசில் தேவையில்லை.

"ஓடியாடறவங்களுக்கு மாவுச்சத்து வேணுங்க. திடீர்னு நிறுத்தினா கால்தான் மொதல்ல துவளும்."

"உடம்பு கொழுப்பை எரிச்சு ஓடிக்கும்."

"எரியட்டும். கையிருப்பு நிறையவே இருக்கு."

அந்த வாரமே மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று மேல்வீட்டுக்காரர் விசாரித்தார். மூச்சுக்காக என்று சொல்ல மூச்சில்லை. கையில் இருந்த பேட் உலக்கையாகக் கனத்தது.

ஆனாலும் விடவில்லை. காலிஃபிளவரை வேகவைத்து மசித்து மனைவி போட்டதையே மூன்று வேளையும் தின்றேன். அடுத்த வாரம் அதிசயம் நடந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். உடனே மைத்துனனுக்கு போன் போட்டேன்.

"மச்சான், உடம்பு பழகிடுச்சு. மாவே வேண்டாம். இப்ப நான் குதிரை."

"அப்படியா அத்தான்? இன்னிக்கே நானும் ஆரம்பிச்சிடறேன்."

நுணலும் தன் வாயால் கெடும். அவனும் குதிரையாகிவிட்டால் என்ன செய்வது என்று அப்புறம்தான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் போட்டி. இரண்டாவது ஆட்டத்திலேயே மைத்துனன் வலைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டேன். சொந்தத் தம்பி தோற்றும் மனைவி எனக்குக் கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, காலிஃபிளவரோட மகிமையை?"

"அதுல பாதி உருளைக்கிழங்குங்க. படியில உட்கார்ந்தீங்களே, அன்னிலேர்ந்து கலக்கறேன். பாக்க மனசு கேக்கல."

"அப்ப உன் தம்பி?"

"அவன் தனியா சமைச்சு சாப்பிடறவன். யாரு கலந்து குடுப்பா? நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டான்."

கோபம் வர வேண்டும். வரவில்லை. எனக்காக இப்படித் திருட்டுத்தனம் செய்ய உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

உருகி நின்ற என் கையில் எதையோ வைத்தாள். குனிந்து பார்த்தேன். பெயின்ட் பிரஷ்.

"அவனால ஏணியில ஏறவே முடியாதுங்க. இப்ப தெம்பா இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."