எலி மூளைச் சாத்திரம்

அறுபத்திரண்டாம் ஆண்டு கிளிநொச்சியில் எல்லோரும் எலியிடம் சாத்திரம் கேட்டார்கள். பளையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து வண்டில் கட்டி வந்தார்கள். அதுவரை கைரேகையை நம்பியவர்கள்கூட எலிக்கு மாறிவிட்டார்கள். முன்னேற்றம் என்பது அதுதானே.

இரணைமடு வாய்க்கால் ஓரம் கொட்டில் போட்டிருந்த சாத்திரியார் பெயர் இளையதம்பி. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் எலிக்கூடு கழுவியவர். வேலை போனபோது ஒரு வெள்ளெலியையும் எலி மூளைப் படம் ஒன்றையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். படத்தில் மூளையின் நடுவே ஒரு கட்டி. அதிலிருந்து நெற்றிப்பக்கம் சிவப்பு நூல்களாய் நரம்புகள். விதி நடுக்கட்டியில் பிறந்து, நரம்பு வழியே நெற்றிக்கு வந்து தலையெழுத்தாகிறது என்று விளக்கினார். எலிக்கும் மனிதருக்கும் ஒரே நரம்பாம். ஆகவே உங்கள் தலைமயிரை எலி முகர்ந்தால் போதும். எதிரே இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். வலது சிரட்டைக்கு ஓடினால் நல்ல விதி. இடது சிரட்டைக்கு ஓடினால் நரம்பில் முடிச்சு.

கமலாசனியின் மயிரை முகர்ந்த எலி இடப்பக்கம் ஓடியது. அவளைத் தன் மகன் யோகநாதனுக்குப் பேசியிருந்த அன்னபாக்கியம் பதறிப்போனார். முடிச்சு அவிழக் கறவைப்பசு ஒன்று தரவேண்டும், இல்லாவிட்டால் மாமியார் உயிருக்கு ஆகாது என்றார் இளையதம்பி. கமலாசனி வீட்டில் இருந்ததே ஒரு பசு. அவளுடைய தகப்பன் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

அவளுக்கு யோகநாதனைப் பிடித்திருந்தது. பசுவையும் பிடித்திருந்தது. எலியின் தீர்ப்பைத்தான் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவள். பசுவின் பின்னாலேயே சாத்திரியாரின் கொட்டிலுக்குப் போனாள்.

படம் பொய்யில்லை என்று அவள் கூட்டத்துக்குச் சொன்னாள். யாரோ கண்நோகப் பார்த்துக் கீறிய படம். அந்த நரம்பால் எலியின் யோசனை போகும், தன் கலியாணம் போகாது. சனம் முறைத்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். கழுவிய இரண்டு புதுச் சிரட்டைகளைத் தானே கவிழ்ப்பாள், சாத்திரியார் தொடக்கூடாது.

“பிள்ளை, எலிக்குக் கோவம் வரும்.”

“எலிக்கு வரட்டும். உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

கூட்டம் சிரித்துவிட்டது. இனி மறுக்க முடியாது. எலியை விட்டார்கள். அது மயிரை முகர்ந்தது. மீசையை ஆட்டியது. வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. நேரே இளையதம்பியின் வேட்டியில் ஏறி மடிக்குள் புகுந்தது. அவர் கூத்தாட, மடி அவிழ்ந்து நெத்தலிக் கருவாடு பொலபொலவென்று கொட்டியது. அன்னபாக்கியம் அவருடைய பழைய இடது சிரட்டையை எடுத்து மோந்து பார்த்து மூக்கைப் பொத்தினார். விதிக்குக் கருவாட்டு வாசம்.

இளையதம்பி வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி வாய்க்காலைத் தாண்டி ஓடினார். அன்னபாக்கியம் மெல்லக் கிட்ட வந்து, நாள் வைப்போமா என்று கேட்டார். கமலாசனி தலையாட்டிவிட்டுத் திரும்பினால், சனம் எலிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. கள்ளனையே பிடித்துத் தந்த தெய்வ எலியாம்.

அவள் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“எலிக்கு மூளை இருக்கெண்டு படம் கீறிக் காட்டியாச்சு. எங்களுக்கும் இருக்கெண்டு நாங்கள்தான் காட்டவேணும்.”