கணையத்துக்கு எதிரி யார்?

என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியதற்கு மனைவிதான் காரணம் என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துபவன். ஆனாலும் இரண்டு வாரம் உட்கார்ந்து உடம்பைப் படித்தேன். வயிற்றுக்குப் பின்னால் கணையம். அது அனுப்பும் இன்சுலின்தான் சர்க்கரையை அடக்கி வைக்கிறது. சில ஹார்மோன்கள் எல்லை மீறினால் இன்சுலினின் பேச்சு எடுபடாது, எங்கள் வீட்டில் என் பேச்சைப் போல. கணையமும் மல்லுக்கட்டிக் களைத்துப்போகும். இப்படி வேறொரு கோளாறின் வாலைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை நோய் வருவதும் உண்டாம். மன உளைச்சலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும் என்று படித்ததும் எனக்கு ஆள் அகப்பட்டுவிட்டது.

மனைவி அரைநாள் லீவு போட்டுக் கூட வந்தாள். நான் டாக்டரிடம் வாதாடி முடித்தேன். பிறகு டாக்டர் அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஹார்மோன் எல்லாம் தெரியாதுங்க. நான் ஷூ கடையில வேலை பாக்கறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு எட்டாம் நம்பர். போன வருஷம் ஒன்பது. இப்போ பத்தும் கடிக்குது. நாப்பத்தஞ்சு வயசுல கால் வளருமா டாக்டர்?"

இப்போதெல்லாம் ஷூவைச் சின்னதாகத்தான் தைக்கிறார்கள் என்றேன். டாக்டர் என் கையைப் புரட்டினார். மோதிரம் எங்கே என்றார். போன மாசம் அறுத்துத்தான் எடுத்தோம் என்றாள் மனைவி. கல்யாண போட்டோவையும் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் இருந்தவனுக்கு என்னைவிடச் சின்னத் தாடை, சின்ன மூக்கு.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று. அதில் குட்டியாய் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு வளர்ச்சி ஹார்மோனை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. என் கணையம் போராடியதெல்லாம் அதனோடுதான். மூக்கு வழியாக அறுவை சிகிச்சை என்றார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு எந்த வாதமும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அவள் கையை நான் விடவே இல்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரையும் இறங்கியது. காரணம் ஹார்மோன்தான் என்று முதலில் சொன்னவன் நான் என்பதை டாக்டருக்கு நினைவுபடுத்தினேன். வாஸ்தவம்தான் என்றார். அடுத்த தேதியை எழுதி, சீட்டை மனைவியிடம் கொடுத்தார்.

"நீங்க கட்டாயம் வரணும். முடிஞ்சா இவரையும் கூட்டிட்டு வாங்க."