குரோமரில் ஒரு குடில்

இந்த ஒரு தடவையாவது மனைவியை ஜெயித்தே தீருவது என்று கிளைவ் டடன்ஹாம் தீர்மானம் செய்தார். திங்கட்கிழமை காலை ஏழேகால் மணி. நாரிச் நகரத்து வீட்டு வாசலில், மிதியடி மேல் நின்றபடி, கையில் ஒரு கடிதத்துடன் செய்த தீர்மானம் அது. செய்த கையோடு கடிதத்தை அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

"யாருங்க கடுதாசி போட்டிருக்கா?" அடுக்களையிலிருந்து மேவிஸின் குரல்.

"யாரும் இல்லை. ஏதோ விளம்பரம்."

"விளம்பரத்துக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"குளிருது."

அது ஜூன் மாதம். மேவிஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரொட்டியை வாட்டப் போனாள். அந்தப் பார்வையைக் கிளைவ் நாற்பது வருஷமாகப் பார்த்து வருகிறார், இன்னும் அதற்கு அர்த்தம் தெரியாது.

கிளைவ் சாதாரண ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் வாகன ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவர். பக்கத்து இருக்கையில் அட்டையும் பென்சிலுமாக அவர் உட்கார்ந்தால் பெரிய பெரிய ஆண்பிள்ளைகளுக்கே கால் வெடவெடக்கும். கடைசியில் அட்டையை மூடி, இரக்கமே இல்லாத இனிமையான குரலில் ஒரே வாக்கியம் சொல்லுவார்: "கவனக்குறைவு. நல்லா பழகிட்டு அப்புறம் வாங்க." அழுதவர்கள் உண்டு. ஒரு பாதிரியார் வைதும் இருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் தன் வீட்டில் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

கடிதம் குரோமர் கடற்கரை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. குடில் எண் நாற்பத்தேழு. உங்கள் முறை வந்துவிட்டது. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட படிவத்தைச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் தரவேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கடற்கரைக் குடில் என்றால் பெரிய மாளிகை இல்லை. ஒரு கட்டில் போட இடமிருக்காது. இரவில் தூங்கவும் அனுமதி கிடையாது. கடலைப் பார்த்து ஒரு கதவு, உள்ளே ஒரு அடுப்பு, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். அதற்குத்தான் இங்கிலாந்தில் பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கிளைவ் பதினாலு வருஷமாக நின்றிருந்தார். தன் சொந்தக் கெட்டிலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், தூரத்தில் போகும் கப்பல்களை எண்ணவேண்டும். உலகத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான். இப்போது அவருக்கு அறுபத்தேழு. இதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்போது எண்பத்தொன்று.

சிக்கல் என்னவென்றால், மேவிஸுக்கு இது தெரியாது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "நாமும் ஒரு குடிலுக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டார். மேவிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "மழையை வேடிக்கை பார்க்க ஒரு அலமாரியா? உங்களுக்கு வேற வேலை இல்லை?" என்றாள். மூன்று வருஷம் யோசித்துவிட்டு, அவர் ரகசியமாக எழுதிப் போட்டார்.

இப்போது போய்க் கையெழுத்து கேட்டால் மறுபடி சிரிப்பாள். ஆகவே அவளே தன் வாயால் "குரோமரில் நமக்கு ஒரு இடம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்" என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் திட்டம். மழை நாளில் ஒரு கடற்கரை ஊர், காற்று நாளில் இன்னொரு ஊர், வெயில் நாளில் குரோமர். வானிலை அறிக்கையை மூன்று தரம் கேட்டு ஊர்களைப் பிரித்துவைத்தார்.

"இந்த வாரம் கடற்கரை கடற்கரையா சுத்தப் போறோம்," என்றார்.

"என்னங்க திடீர்னு?"

"உன் மேல பிரியம்."

"உடம்பு சரியில்லையா?" என்று மேவிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹன்ஸ்டன்டன். கேட்ட மாதிரியே மழை கொட்டியது. கடல் வேறு உள்வாங்கிப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான் கிடந்தது. காரைக் கடலுக்கு நேராக நிறுத்தினார்கள். வரிசையாக இன்னும் இருபது கார்கள் அப்படியே நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, மடியில் சாண்ட்விச், கண்ணாடியெல்லாம் ஆவி. கிளைவ் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"சே! என்ன ஊர் இது. வந்ததே வீண்."

"ஏன்? எவ்வளவு சுகமா இருக்கு!" மேவிஸ் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். "கால்ல மணல் ஒட்டலை, பக்கத்துல யாரும் ரேடியோ போடலை. டீயை ஊத்துங்க."

"டீ ஆறிப்போச்சு. அந்த நீல பிளாஸ்க் காணாமப் போய் ஒரு வருஷம் ஆச்சு. ரோலண்ட் எடுத்திருப்பான்."

பக்கத்து வீட்டு ரோலண்ட் கெடிஜோடு கிளைவ் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. தோட்டத்தில் வைத்திருந்த பச்சைக்கோடு போட்ட மடக்கு நாற்காலிகள் இரண்டும் ஒரு வியாழக்கிழமை மாயமாயின. அன்று ரோலண்டின் பழைய வேன் தெருவில் போனதை அவரே பார்த்தார். அதற்கப்புறம் விசில் கெட்டில். அதற்கப்புறம் பித்தளைக் கொக்கி. இப்போது பிளாஸ்க்.

"பாவங்க அவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார்," என்றாள் மேவிஸ்.

"திருடறவன் எதுக்குப் பேசணும்?"

புதன்கிழமை சவுத்வோல்ட். காற்று ஆளைத் தூக்கியது. அவளுடைய தொப்பி பறக்கும், தலை கலையும், ஊரையே சபிப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தார். பறந்தது அவர் தொப்பி. அதை ஒரு கிழட்டு நாய் கௌவிக்கொண்டு வர, நாய்க்காரியோடு மேவிஸ் ஒன்றரை மணி நேரம் சிரித்துப் பேசினாள். அந்த நேரத்தில் ஒரு கடற்காக்கை வந்து கிளைவின் பொட்டலத்திலிருந்து பொரித்த மீனை முழுசாக எடுத்துக்கொண்டு போயிற்று. உருளைக்கிழங்கை விட்டுவைத்தது.

"இந்த வருஷத்துலேயே நல்ல நாள் இதுதாங்க," என்றாள் மேவிஸ், கன்னம் சிவக்க. வருஷத்தின் நல்ல நாளில் கிளைவ் பசியோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

வியாழக்கிழமை திட்டத்துக்கு விடுமுறை. மேவிஸ் வியாழன்தோறும் பஸ் ஏறி ஏல்ஷம் ஊரில் இருக்கும் தங்கை ஐவியைப் பார்க்கப் போவாள். ஐவிக்கு மூன்று வருஷமாக முட்டி வலி. கட்டிலை விட்டு இறங்க முடியாதாம். கிளைவுக்கு இளகிய மனசு. புதன் சாயங்காலமே எலுமிச்சை கேக் ஒன்று செய்து, டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷத்தில் கேக்கில் அவர் கை நன்றாகத் திரும்பியிருந்தது. அன்று சாயங்காலம் மேவிஸ் மூக்கு வெந்து திரும்பி வந்தாள்.

"மூக்கு ஏன் இப்படி சிவந்திருக்கு?"

"ஐவியைத் தோட்டத்துல உட்கார வெச்சோம். நல்ல வெயில்."

"முட்டி எப்படி?"

"அப்படியேதான் இருக்கு. கேக்கைச் சாப்பிட்டா மட்டும் கொஞ்சம் தேவலையாம்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கிளைவ் காரைத் துடைத்து, கண்ணாடிகளைச் சரிபார்த்து, ஹாரன் கூட அடித்துவிட்டார்.

"இன்னிக்கு எங்கே?"

"குரோமர்!"

மேவிஸ் கையிலிருந்த சாண்ட்விச் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டாள். "குரோமரா? வேண்டாங்க."

"ஏன்?"

"ஒரே மேடு. இறங்கினா ஏற முடியாது. முட்டி வலிக்கும்."

"உனக்கேது முட்டி வலி?"

"எங்க குடும்பத்துக்கே முட்டி சரியில்லை."

"நண்டு வாங்கித் தரேன். குரோமர் நண்டு!"

"நண்டு எனக்கு ஒத்துக்காது."

"போன மாசம் ரெண்டு தின்னியே!"

"அதனாலதான் சொல்றேன்."

தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டாள். அவ்வளவு நல்ல வெயில் முழுக்கத் தோட்டத்து முட்டைக்கோஸ் மேல் விழுந்து வீணாயிற்று. கிளைவ் வேலியோரம் நின்றுகொண்டு கடலை நினைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் நின்றுகொண்டு, ஏதோ தெரிந்தவன் மாதிரி இவரைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டியது வேறு எரிச்சல்.

சனிக்கிழமை காலை வேறு வழி இல்லை. வாட்டிய ரொட்டிக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தார்.

மேவிஸ் படித்தாள். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பதினாலு வருஷமா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாம?"

"ஆமா."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டு, கட்டின பொண்டாட்டிகிட்டயே மறைச்சிட்டீங்களா?"

கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கிளைவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. "தப்புதான் மேவிஸ். இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். சத்தியமா," என்றார். நாற்பது வருஷத்தில் இப்படி அவர் மன்னிப்புக் கேட்டதில்லை.

கைக்குட்டையை எடுத்தபோது அவள் கண்ணில் ஈரம் இருந்தது உண்மைதான். "கிளம்புங்க. கையெழுத்தை அங்கே வந்தே போடறேன். வியாழக்கிழமை மிஞ்சின கேக்கையும் எடுத்துக்குங்க," என்றாள்.

குரோமரில் இறங்கியதும், முட்டி சரியில்லாத குடும்பத்துப் பெண் செங்குத்தான சரிவில் கிடுகிடுவென்று முன்னால் இறங்கினாள். கிளைவ் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அலுவலகம் வந்தது. அவள் நிற்காமல் அதைத் தாண்டிப் போனாள்.

"மேவிஸ்! இங்கேதான்! மணி பதினொண்ணரை ஆச்சு!"

"வாங்க சொல்றேன்."

குடில்கள் மஞ்சளும் நீலமுமாக வரிசையாக நின்றன. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு முன்னால் நின்று, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே பச்சைக்கோடு போட்ட மடக்கு நாற்காலிகள் இரண்டு. அடுப்பின் மேல் விசில் கெட்டில். பக்கத்தில் நீல பிளாஸ்க். பித்தளைக் கொக்கியில் துண்டு தொங்கியது. ஜன்னல் திரையைப் பார்த்ததும் கிளைவுக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். அது அவருடைய பைஜாமா.

அந்த நேரத்தில் கடலிலிருந்து ஒரு பெண் சொட்டச் சொட்ட நனைந்து எழுந்து, மணலில் குதித்துக் குதித்து ஓடி வந்தாள். கட்டிலை விட்டு இறங்க முடியாத ஐவி.

"அக்கா, தண்ணி இன்னிக்குப் பிரமாதம்!" என்றவள் அவரைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு, ஒரு காலை நொண்டினாள். அப்புறம் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து நிமிர்ந்து நின்றாள். "அத்தான், கேக் கொண்டு வந்தீங்களா?"

கிளைவ் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்போதிலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு வருஷமா," என்றாள் மேவிஸ். "பதினேழு வருஷத்துக்கு முன்னாடி நீங்க குடில்னு சொன்னீங்க இல்லே? அன்னிக்கு சிரிச்சேன். ராத்திரி படுத்து யோசிச்சேன், நல்ல யோசனையாத்தான் பட்டுது. மறுநாளே எழுதிப் போட்டேன். நீங்க மூணு வருஷம் கண்ணாடியை மாத்தி மாத்திப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கீங்க."

"கணவன் கையெழுத்து வேணுமே?"

"போட்டீங்களே! கார் காப்பீட்டுக் காகிதத்தோட நடுவுல வெச்சுக் கொடுத்தேன். படிக்காமலே போட்டீங்க." அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். குரலில் அவ்வளவு இனிமை. "கவனக்குறைவு. நல்லா பழகிட்டு அப்புறம் வாங்க."

ஐவி துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கிளைவ் தன் கடிதத்தை நீட்டினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடு. உனக்கு முப்பத்தொண்ணு, எனக்கு நாற்பத்தேழு."

"கீழே சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு, படிச்சீங்களா?"

படித்தார். ஒரு வீட்டுக்கு ஒரு குடில்தான்.

"போய் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வாங்க," என்றாள் மேவிஸ். "பாவம், அடுத்தவங்க எத்தனை வருஷமா நிக்கிறாங்களோ." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "கோபமாங்க? நீங்க நல்லவர்தான். ஆனா நான் டீ ஊத்தினா, கதவைச் சாத்தினா, மாடிப்படி ஏறினா எல்லாத்துக்கும் மார்க் போடறீங்க. வாரத்துல ஒரு நாள் யாரும் மார்க் போடாத இடம் எனக்கு வேண்டியிருந்தது."

கிளைவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பதினாலு வருஷத்தை ஒரே கையெழுத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது நாற்காலிகள் இரண்டிலும் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மேவிஸ் டீயை நீட்டினாள். அவருடைய கெட்டிலில் போட்ட டீதான். தூரத்தில் ஒரு கப்பல் போயிற்று. அப்புறம் இன்னொன்று. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. பெண்கள் இருவரும் அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. தோற்றவனுக்கு இவ்வளவு சுகம் கிடைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஐந்தாவது கப்பல் போனபோது மெல்லக் கேட்டார்.

"மேவிஸ், இனிமே நானும் வரட்டுமா? மூணாவதா ஒரு நாற்காலி போட்டுக்கலாமே. நான் எதுக்கும் மார்க் போட மாட்டேன்."

மேவிஸ் யோசித்தாள். "வரலாம். ஆனா பேரை எழுதி வெச்சுட்டுக் காத்திருக்கணும்."

"எனக்கு முன்னாடி யாரு?"

"இந்தச் சாமானையெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு வந்து, ரெண்டு வருஷமா வாயைத் திறக்காம இருந்தாரே, ரோலண்ட்."