எங்கள் ஏழு சீட்டு வண்டியில் உனக்கு இடமில்லை

கோரமண்டல்,
வெள்ளிக்கிழமை

பூதிகோட்டையில் இருக்கும் தங்கை கிருஷ்ணம்மாவுக்கு, உன் அக்கா பாப்பம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பேரன் திலீப் குடும்பமும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். பதில் போட வேண்டாம்.

உன் மருமகள் ஷோபா நேற்று திலீப் பெண்டாட்டி ஷில்பாவுக்குப் போன் போட்டு, "குடியாத்தம் முனியப்பன் மாமா பேத்தி கல்யாணத்துக்குப் போறீங்களே, புது வண்டியில எங்க அத்தைக்கு ஒரு எடம் இருக்குமா?" என்று கேட்டாளாம். நாம் இரண்டு பேரும் பேசி எத்தனையோ வருஷமாகிறது. வண்டி வந்ததும் உனக்கு வாய் வந்துவிட்டது, அதுவும் மருமகள் வாய். இடம் இல்லை. ஏன் இல்லை என்பதையும் கேட்டுக்கொள்.

உன் மகள் கல்யாணத்தன்று பங்காரப்பேட்டை சத்திரத்துக்குப் போக அம்பாசடர் கார் நின்றது. நான் அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, கார் கதவில் கையும் வைத்துவிட்டேன். நீ என்ன சொன்னாய்? "அக்கா, சீர் கிரைண்டரை மடியில வெச்சிக்க முடியாது, அது சீட்டுல வரட்டும், நீ பஸ்ஸுல வந்துடு." கிரைண்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனது. நான் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அந்தக் கிரைண்டர் பச்சை நிறம். மூடியில் ஒரு கீறல்.

இப்போது எங்கள் வண்டியைக் கேள். காரும் இல்லை, ஜீப்பும் இல்லை, இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது. ஜீப் போல உயரம், அடியில் கோழி நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது, எங்கள் ஊர் ரோட்டுப் பள்ளம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்தால் கார் போல மெத்தென்று. கூரையில் கண்ணாடி, பட்டனை அமுக்கினால் திறந்து வானம் தெரிகிறது. கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக்கூட தனியாக ஏசி. திலீப் "ஏசியைக் குறை" என்று சொன்னால் அதுவே குறைத்துக்கொள்கிறது. இந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற முதல் ஜீவன் அதுதான். பின்கதவு காலைக் காட்டினால் திறக்கிறது. லட்சுமியைக் காலால் உதைப்பதா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் காலைக் காட்டுகிறேன். சீட்டோ சரியாக இடுப்பு உயரம். மூட்டு வலிக்காரர்கள்கூடக் குனியாமல், ஏறாமல், அப்படியே உட்காரலாம். உன் மூட்டு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பூஜையன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது தப்பாகச் சொல்வதற்கு முன்னால். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எல்லோரும் ஏறினோம். முன்சீட்டில் உன் மாமா. இங்கே தங்கச் சுரங்கத்தில், கேஜ் கூண்டில் ஆளேற்றிக் கதவு சாத்தி, பெல் அடித்து ஷாஃப்ட் குழிக்குள் இறக்கின மனுஷன். மைன்ஸ் மூடி இத்தனை காலமாகியும் தலை எண்ணாமல் எதையும் நகர விடமாட்டார். எண்ணி முடித்து, "கதவு சாத்தியாச்சு, எறக்கு!" என்று முன்னால் இருந்த பலகையைத் தட்டினார். திலீப் வண்டியைப் பின்னால் எடுத்தான். இந்த வண்டிக்கு முதுகிலும் கண் உண்டு, எதையாவது இடிக்கப் போனால் பீப் பீப் என்று சொல்லும், ரொம்பக் கிட்டே போனால் விடாமல் கத்தும். எதிர்வீட்டு ஏனோக்கின் தண்ணீர் டிரம் கிட்டே வந்ததும் விடாமல் கத்தியது பார். பெல் விடாமல் அடித்தால் உன் மாமாவுக்கு ஒரே அர்த்தம்தான். "ஆக்சிடென்ட்! எல்லாம் வெளிய வாங்க!" என்று குதித்து, கதவைத் திறந்து, பிள்ளைகளை இறக்கி, என்னையும் இழுத்து ரோட்டில் உட்கார வைத்துவிட்டார், பட்டுப்புடவையோடு. அந்தச் சத்தத்துக்குத் தெருவிலிருந்த மைன்ஸ் பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஏனோக் பாதி சவரத்தோடு, அடிபட்டவரைப் படுக்க வைக்க நாடாக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு!

"குழிக்குள்ள எந்த லெவல்பா? எத்தினி பேரு உள்ள?"

"லெவலும் இல்ல ஒண்ணும் இல்ல தாத்தா, உங்க டிரம்முதான்" என்றான் திலீப்.

"தூக்கினு வந்த கட்டில சும்மா எடுத்துனு போவ முடியாது. யாராவது படுங்க."

தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். உன் மாமா ஒரு ஆளையும் உள்ளே விட்டுவிட்டு வரவில்லை. மறுபடி ஏற்றும்போதும் தலை எண்ணினார். எண்ணிவிட்டு என்னைப் பார்த்து, "ஏழு சீட்டு, ஆறு தலை. ஒரு ஆளு கொறையுதே பாப்பம்மா" என்றார். நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து, என் பக்கத்தில் ஜன்னலோர சீட்டில் போட்டேன்.

"இன்னா பாட்டி, நம்ம சொந்த வண்டியில யாருக்குத் துண்டு போட்டு எடம் புடிக்கிற?" என்றான் திலீப்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா. அதுல யாரும் ஒக்காரக் கூடாது."

அன்றிலிருந்து யாரும் உட்காரவில்லை. குடியாத்தம் வரைக்கும் அந்த சீட் காலியாகத்தான் போகும். அதைக் கேட்டு உன் வயிறு எரியட்டும்.

உன் பிள்ளைக்கும் ஷோபாவுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு, நீ என்னைவிடச் சின்னவள் என்ற ஒரே காரணத்துக்காக, பாதி ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா,
பாப்பம்மா

பி.கு.: கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வீட்டு வாசலில் தயாராக நில். குடியாத்தம் ஒரு பக்கம், பூதிகோட்டை ஒரு பக்கம், சுத்து என்று திலீப் முனகுகிறான், முனகட்டும். உன் மாமா தலை எண்ணினால் கணக்கு சரியாக வரவேண்டும், இல்லாவிட்டால் வண்டி நகராது. துண்டை நானே எடுக்கிறேன், நீ எடுத்துவிட்டு உட்காராதே. கல்யாணப் பெண்ணுக்குச் சீர் ஏதாவது வாங்கி வைத்திருந்தால், அது பஸ்ஸில் வரட்டும்.