ஓடுகிற ரயிலைக் கழற்றுபவர்

ஓடாததை ஓட வைப்பவரை மெக்கானிக் என்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திக் காட்டுபவருக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆகவே நானே 'திருத்தர்' என்று வைத்துவிட்டேன். எந்த ஊரிலும் உண்டு, எந்தத் தெருவிலும் உண்டு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் அவர்தான். ரொம்பப் பக்கத்தில் போகாதீர்கள், உங்கள் கைக்கடிகாரத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எனக்கு வாய்த்த திருத்தர் என் மேல் மாடிக்காரர். சாப்பாட்டு மேஜையைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, ஹாலில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, கை நீளத்துக்கு ஒரு நீராவி இன்ஜின் பொம்மை வாங்கினார். (பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், 'மாடல்' என்று சொல்ல வேண்டும்.) நீராவியெல்லாம் வெளித்தோற்றத்துக்குத்தான், உள்ளே மோட்டார். தண்டவாளத்தில் கரண்ட் வரும், சக்கரம் அதை வாங்கும், சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்னச் செம்புத் தகடு அதை ஒயர் வழியாக மோட்டாருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

வந்த அன்றே ஓடியது. அழகாக ஓடியது. அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் வாங்கி வந்த ஒரு சாமான் அவருக்குப் பிடித்துப்போனது அதுதான் முதல் தடவை. மனிதர் அதோடு விட்டிருக்கலாமா இல்லையா? ஃபிரிட்ஜ் பக்கத்து வளைவில் இன்ஜினின் முன்விளக்கு லேசாகக் கண் சிமிட்டியதைப் பார்த்துவிட்டார்.

"கான்டாக்ட் பத்தல."

"அதான் ஓடுதேங்க."

"ஓடுதுன்னு நீ சொல்ற. அது உள்ளுக்குள்ள தவிக்குது."

மறுநாள் இன்ஜின் மல்லாந்து கிடந்தது. நாலு சக்கரத்துக்கு மட்டும் தகடு இருப்பதைக் கண்டு பதறி எல்லாச் சக்கரத்துக்கும் வைத்து, பின்னால் வரும் கரிப்பெட்டி மட்டும் என்ன தண்டச் சோறா என்று அதன் சக்கரங்களுக்கும் வைத்து, அங்கிருந்து இன்ஜினுக்கு ஒயர் இழுத்து, ஒயருக்கு ஒரு பிளக் மாட்டி, பிளக்கை நம்ப முடியாது என்று அதை வெட்டியெறிந்து நேராகப் பற்றவைத்து, தகடு பட்டும் படாமலும் இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொன்றையும் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தி வளைத்து... வீடு பூரா சால்டரிங் புகை. குடும்பம் கட்டிலில் தட்டை வைத்துச் சாப்பிட்டது. 'இன்னைக்காவது ஓடுமா?' என்று கேட்டால் ஒரே பதில்: "ஒரே ஒரு ஒயர்தான் பாக்கி." திருத்தர் குலத்தில் அந்த ஒரு ஒயர் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கடைசியில் அந்த அம்மாளுக்கும் பொறுமை போயிற்று.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வரான். அவன் முன்னாடி ஒரே ஒரு ரவுண்டு ஓடட்டும். இல்லன்னா ரயில் பரணுக்குப் போகும், மேஜை உள்ள வரும்."

"வெளக்கு இமைக்கக்கூட இமைக்காது, நீயே பாரு."

"நான் வெளக்கையா கேட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன், இதையெல்லாம் தவற விடலாமா? திருத்தர் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. விசில் ஊதியது. புகைபோக்கியில் புகை வந்தது. இன்ஜின் நின்ற இடத்திலேயே நின்றது. கரண்டைக் கூட்டினார், விளக்கு இன்னும் பளிச்சென்று எரிந்தது. மைத்துனர் குனிந்து ஒரு சக்கரத்தை விரலால் உருட்டப் பார்த்தார். அசையவில்லை.

"மாமா, இத்தனை தகடும் சக்கரத்த இறுக்கிப் புடிச்சிருக்கு. பிரேக் போட்ட மாதிரி இருக்கே!"

"கரண்ட் போகுதா இல்லையா?"

"அது அருமையா போகுது."

"வெளக்கு சிமிட்டிச்சா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்னப்பா குறை?"

சத்தியமாக எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவர் முழங்காலிட்டு, இன்ஜினின் முதுகில் கை வைத்து, உருளாத சக்கரங்கள் கிரீச்சிட, வட்டம் முழுவதும் தள்ளிக்கொண்டே போனார். "பாத்து, பாத்து, ஒயர் விட்டுடும்!" என்று திருத்தர் கூடவே தவழ்ந்தார். ஃபிரிட்ஜ் பக்கத்து வளைவில் அந்த அம்மாள் நின்றார்.

"இந்த எடத்துல அது கண் சிமிட்டுறதுதாங்க எனக்குப் புடிச்சுது. என்னப் பாத்துச் சிமிட்டுற மாதிரியே இருக்கும்."

மேஜை அன்றைக்கே உள்ளே வந்தது. எல்லாரும் உட்கார்ந்தோம். நாலு வாய் சாப்பிட்ட திருத்தர் கையை நிறுத்திவிட்டு, மேஜையை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஒரு கால் லேசா ஆடுது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில், எதையோ திரும்ப மாட்டிய பிறகு மிஞ்சிய திருகாணிகளைப் போட்டு ஒரு டப்பா வைத்திருக்கிறீர்களே, அந்த 'எதையோ' இப்போது எங்கே, அது கழற்றுவதற்கு முன்னால் யாருக்குப் பிடித்திருந்தது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். உங்களைத்தான் பார்ப்பார்கள்.